இனிக்காத மாத்திரை

மருமகளின் பரீட்சைக்காக நான் முப்பத்தேழு முறை நோயாளியாக இருந்திருக்கிறேன். நான்கு முறை செத்தும் போயிருக்கிறேன். அதில் மூன்று சாவு, கை கழுவாமல் என்னைத் தொட்டாள் என்று கோபித்துக்கொண்டு நானாகச் செத்தது. நோயாளி எப்படி நடிக்க வேண்டும் என்று சொல்லும் பயிற்சிக் கார்டில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

நான் சலவைக்கடை கவுன்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்காருகிறவள். துணியை வாங்கி, நம்பர் துண்டைக் காலரில் ஊசி குத்தி, பில்லைக் கிழித்துக் கொடுப்பது என் வேலை. ஒருத்தர் சட்டை இன்னொருத்தர் வீட்டுக்குப் போனதாக என் காலத்தில் ஒரு புகார் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மகனுக்குக் கப்பலில் வேலை. எட்டு மாதம் தண்ணீர், இரண்டு மாதம் வீடு. கல்யாணமான கையோடு அவன் கப்பலேற, வீட்டில் மிஞ்சியது நானும் அவளும். முதல் ஒரு மாதம் ஒருத்தியை ஒருத்தி வேவு பார்த்துக்கொண்டே கழிந்தது. பிறகு ஒரு நாள், "அத்தை, நான் நர்ஸிங் படிக்கட்டுமா?" என்றாள்.

"என்னைக் கேட்டுக்கிட்டா பொறந்த? இதுக்கு மட்டும் எதுக்கு கேக்குற?" என்றேன்.

அது சம்மதம் என்று அவளுக்குச் சரியாகப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள்மேல் எனக்குப் பிரியம். வெளியே காட்டிக்கொள்வதில்லை. காட்டினால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

படிப்பில் கெட்டி. எழுத்துப் பரீட்சை எல்லாவற்றிலும் முதல் பத்துக்குள் வருவாள். கடைசி வருடச் செய்முறைப் பரீட்சையில்தான் சறுக்கினாள். நோயாளிக்கு மாத்திரை கொடுக்கும்முன், "எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காதா?" என்று கேட்க வேண்டுமாம். ஒரே ஒரு கேள்வி. பதற்றத்தில் அதை விட்டுவிட்டாள். ஒரு கேள்விக்கு ஒரு வருடத்தைப் பிடுங்கிக்கொள்கிறவர்கள் மனிதர்களா என்று நான் திட்டினேன். அவள் மட்டும், "கேக்காம விட்டா ஒருத்தர் செத்தே போகலாம் அத்தை" என்று அவர்கள் பக்கம் பேசினாள். மறுபரீட்சை ஒன்றுதான் பாக்கி. அதிலும் தோற்றால் வருடம் முழுவதும் மறுபடி படிக்க வேண்டும். அந்த வயிற்றெரிச்சலில்தான், "இந்தா, நான் படுத்துக்கிறேன். என்னை வச்சுப் பழகு" என்று கூடத்துக் கட்டிலில் போய்ப் படுத்தேன்.

அன்று ஆரம்பித்தது எங்கள் வீட்டு ஆஸ்பத்திரி. அவளோடு படிக்கும் பெண் ஒருத்தி பரிசோதகராக வந்து உட்காருவாள். அவளுக்குப் பட்டப்பெயர் ஒல்லி. நல்ல பூசணிக்காய் மாதிரி இருப்பாள், அதனால்தான் அந்தப் பெயர். கையில் மார்க் பேப்பர், எதிரே கடிகாரம். என் மணிக்கட்டில் சலவைக்கடை நம்பர் துண்டு ஒன்றைக் கட்டி, அதில் கார்டில் இருக்கும் பெயரை எழுதிவிடுவோம். எனக்கு ஒரே ஒரு விதிதான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க அத்தை. கேக்காததை நீங்களா சொல்லக்கூடாது. பரீட்சையில நோயாளியா நடிக்கிறவங்க அப்படித்தான் கம்முனு இருப்பாங்க."

ஐம்பத்து நான்கு வருடமாக ஓயாத வாய் இது. அதை மூடிவைப்பது நோயாளியாக நடிப்பதைவிடக் கஷ்டம். ஆனாலும் அவளுக்காக மூடினேன்.

மாத்திரைப் பயிற்சிக்கு ஒரு பாட்டில் தேவைப்பட்டது. நான் தினம் காலையில் சாப்பிடும் சர்க்கரை மாத்திரைப் பாட்டில் ஒன்று காலியாகியிருந்தது. அதைக் கழுவிக் காயவைத்து, சின்னச் சின்ன வெள்ளைப் புதினா மிட்டாய்களைப் போட்டுவைத்தாள். லேபிளைக் கிழிக்கவில்லை. லேபிளைப் படிப்பதுதானே பாடமே! பாட்டிலை எடுக்கும்போது ஒரு தடவை, மூடியில் கொட்டும்போது ஒரு தடவை, திரும்ப வைக்கும்போது ஒரு தடவை. உள்ளே மிட்டாய், வெளியே மருந்தின் பெயர். அது எங்கள் எல்லோருக்கும் பெரிய கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. எனக்கு அதில் இன்னொரு லாபம். டாக்டர் வேண்டாமென்ற இனிப்பு, மருமகள் கையாலேயே கிடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீரோடு முழுங்கச் சொல்வாள். நான் நாக்குக்கடியில் ஒதுக்கிவைத்துக்கொண்டு முழுங்கினதாக வாயைத் திறந்து காட்டுவேன்.

பரீட்சை திங்கட்கிழமை. இது நடந்தது அதற்கு முந்தின சனிக்கிழமை. எனக்குக் கடை லீவு. காலை எட்டு மணிக்கு என் மாத்திரையை வழக்கம்போலப் போட்டேன், இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டேன். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் கூடத்தைத் துடைத்து, கட்டில் விரிப்பை மாற்றி, பயிற்சித் தட்டில் தண்ணீர் டம்ளர், காகிதக் கப் எல்லாம் எடுத்துவைத்தேன். என் மாத்திரைப் பாட்டிலை எங்கே வைத்தாய் என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால், சமையலறை அலமாரியில் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். அது என் கையோடு வந்து அந்தத் தட்டில் உட்கார்ந்திருந்தது. மிட்டாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே.

பத்து மணிக்கு மாத்திரைப் பயிற்சி. மருமகள் கையைக் கழுவினாள், என் பெயரைக் கேட்டாள், மணிக்கட்டுத் துண்டோடு ஒப்பிட்டாள், லேபிளை மூன்று முறை உரக்கப் படித்தாள். காகிதக் கப்பில் வந்ததை வாயில் போட்டு நாக்குக்கடியில் ஒதுக்கினேன். இனிக்கவில்லை. புதினா வாசனையும் இல்லை.

அந்த நிமிஷம் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறதே என்று, பாவம், இனிப்பில்லாத மிட்டாயாகத் தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இந்த அக்கறை தோன்றியிருக்காது. கண் கலங்கிவிட்டது. தண்ணீரைக் குடித்து முழுங்கினேன். கேட்காததைச் சொல்லக்கூடாதே, அதனால் எதுவும் சொல்லவில்லை.

"ஃபெயில்!" என்று கத்தினாள் ஒல்லி. "ஒத்துக்காத மருந்து கேக்கவே இல்ல நீ!"

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். அரைமணி கழித்து முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தாள். இந்த முறை அந்தக் கேள்வியைக் கேட்டாள். லேபிளைப் படித்தாள். கொடுத்தாள். முழுங்கினேன். ஒல்லி இருபதுக்கு இருபது போட்டாள். மூன்று பேரும் கைதட்டிக்கொண்டோம்.

பன்னிரண்டரைக்கு அடுத்த கார்டு. வயிற்றில் ஆபரேஷன் ஆன நோயாளி. "இதை முடிச்சிட்டுச் சாப்பிடலாம் அத்தை, பத்தே நிமிஷம்" என்றாள். எனக்கு அதற்குள் ஒரு அகோரப் பசி. பசி என்றால் சாதாரணப் பசி இல்லை, கட்டில் காலைக் கடித்துத் தின்னலாம் போல. முதுகில் வியர்த்து வழிந்தது. விரல்கள் தன்பாட்டுக்கு ஆடின. அதோடு காரணமே இல்லாமல் எல்லோர்மேலும் ஒரு எரிச்சல்.

"வலி பத்துக்கு எத்தனை இருக்கும்மா?" என்று கார்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள் மருமகள்.

"பில்லு எங்க?" என்றேன்.

"என்னது?"

"பில்லு இல்லாம துணி தரமுடியாது. இருபத்திரண்டு வருஷமா சொல்றேன், ஒரு மனுஷனுக்கும் காதுல ஏறல."

ஒல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். "அத்தை இன்னைக்கு நடிப்புல பின்றாங்க! வேர்வைகூட வருது பாரு, எப்படி அத்தை?"

மருமகளும் சிரித்தாள். "அத்தை, குழம்பிப்போன நோயாளி இந்தக் கார்டுல இல்ல. அது வேற கார்டு" என்றாள். அதற்கு நான் ஏதோ பெரிதாகத் திட்டினேனாம், எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. கார்டைக் கட்டிலில் போட்டாள். அவள் கை என் நெற்றியில், கழுத்தில், உள்ளங்கையில் பட்டது.

"ஒல்லி, அத்தை நடிக்கல. அலமாரில சர்க்கரை பாக்குற மெஷின் இருக்கு, எடு. ஓடு!"

விரலில் குத்தினாள். நாற்பத்தெட்டு. அது எவ்வளவு மோசமான எண் என்பதை ஒல்லியின் முகத்தில் பார்த்தேன். மருமகள் என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, முதலில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து ஒழுங்காக முழுங்குகிறேனா என்று பார்த்தாள். அப்புறம்தான் டம்ளரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தாள். அந்த மாதிரி ஒரு அமிர்தத்தை நான் குடித்ததே இல்லை. பதினைந்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி குத்தினாள். எழுபத்தாறு. சோறு ஊட்டினாள். உலகம் மெல்லத் தன் இடத்துக்கு வந்து நின்றது.

அதற்குப் பிறகுதான் தட்டைப் பார்த்தாள். ஒரே மாதிரி இரண்டு பாட்டில். ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தாள். என் பாட்டிலில் இருந்ததை மூடியில் கொட்டி எண்ணினாள். பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. 

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க அத்தை."

"எனக்குத்தான் சரியாப் போச்சே."

"இப்ப சரியாயிருக்கு. இந்த மாத்திரை நாள் பூரா உள்ள வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். சர்க்கரை திரும்ப இறங்கும். கிளம்புங்க."

ஆட்டோவில் நடுவில் நான், இரண்டு பக்கமும் அவர்கள். என் மூளை தெளிந்ததும் அது செய்த முதல் வேலை ஒரு பொய்யைத் தைத்ததுதான்.

"ரெண்டு பேரும் கேளுங்க. நான்தான் போட்டதை மறந்துட்டு இன்னொண்ணு போட்டுக்கிட்டேன். அவ்வளவுதான். வேற யாரும் வாயத் தொறக்கக்கூடாது."

"அத்தை..."

"மாமியாருக்கு மருமக மாத்திரைய மாத்திக் கொடுத்தாளாம்! இது ஒண்ணு போதாதா ஊருக்கு? கண்ணு காது மூக்கு வச்சு, நீ என்னைக் கொல்லப் பாத்தன்னு முடிச்சிருவாங்க. ஒல்லி, நீ சொல்லு. காலேஜ்ல தெரிஞ்சா என்ன ஆகும்?"

ஒல்லி தலையைக் குனிந்துகொண்டாள். "திங்கட்கிழமை பரீட்சைக்கு உட்கார விடமாட்டாங்க. சீட்டே போனாலும் போயிரும்" என்றாள்.

"கேட்டியா? முடிஞ்சுது பேச்சு."

மருமகள் இரண்டு பாட்டிலையும் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர். தூங்கி இரண்டு நாளாகியிருக்கும் போல, கண் சிவந்திருந்தது. என்ன நடந்தது என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"காலையில போட்டதை மறந்துட்டு இன்னொரு மாத்திரை போட்டுட்டேன் டாக்டர். வயசாகுதில்ல, மூளை மழுங்கிப்போச்சு."

ஒரு நம்பர்கூட மறக்காதவள் நான். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"கூடுதலா ஒண்ணு மட்டும்தானே?"

"ஒண்ணே ஒண்ணு."

ஒன்று என்றால் மறதி. இரண்டு என்றால் ஏன், எப்படி என்று தோண்டுவார்கள். அதனால் ஒன்று. விரலில் குத்திப் பார்த்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு. சாப்பாடும் சர்க்கரைத் தண்ணீரும் செய்த வேலை. டாக்டருக்குத் திருப்தி. "நல்லா இருக்கீங்க. ஒரு மணி நேரம் இங்க உக்காருங்க, இன்னொரு தடவை பார்த்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுறேன்" என்று எழுத ஆரம்பித்தார்.

நான் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். நகம் பதியும் அளவுக்கு அழுத்தினேன். அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"டாக்டர், அத்தை சொல்றது நிஜமில்ல. எட்டு மணிக்கு அவங்களா ஒண்ணு போட்டாங்க. பத்து மணிக்கு ஒண்ணு, பத்தரைக்கு ஒண்ணு நான் கொடுத்தேன். மொத்தம் மூணு. நான் நர்ஸிங் ஸ்டூடன்ட். பயிற்சியில கொடுத்தது. மிட்டாய்னு நெனச்சுக் கொடுத்தேன்."

ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. இரண்டு பாட்டிலையும் மேஜைமேல் வைத்தாள். டாக்டர் ஒன்றை முகர்ந்தார், இன்னொன்றை முகர்ந்தார். எழுதிய தாளை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.

"வார்டுல சேருங்க. நாளைக்கு வரைக்கும் மணிக்கு ஒருதரம் சர்க்கரை பார்க்கணும். குளுக்கோஸ் ஏத்த கையில ஊசி போட்டு வழி ரெடியா வைங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வார்டுக் கட்டிலில் படுத்து அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டேன். பிழைக்கத் தெரியாதவள். ஒன்றுக்கு மூன்று என்று சொல்லி, மூன்று வருடப் படிப்பையும் அந்த மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். நான் என் மூளையையே மழுங்கவைத்துக் காப்பாற்றினேனே, அதற்காவது ஒரு மரியாதை வேண்டாமா? "அத்தை, தண்ணி வேணுமா?" என்றாள். "உன் தண்ணியும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்றேன். அவள் ஸ்டூலை நகர்த்தவில்லை. முதுகுப் பக்கமே உட்கார்ந்திருந்தாள். அப்படியே நான் தூங்கிவிட்டேன்.

யாரோ எங்கோ வெகு தூரத்தில், "அம்மா! அம்மா! கண்ணைத் திறங்க!" என்று கூப்பிட்டார்கள். யார் வீட்டு அம்மாவோ என்று நினைத்தேன். பதில் சொல்லத் தோன்றவில்லை. தூக்கம் அவ்வளவு சுகமாக இருந்தது. பிறகு கைக்குள் ஏதோ ஓடியது. கண்ணைத் திறந்தால் ஒரு டாக்டர், கண்ணாடி போட்ட வார்டு சிஸ்டர், அவர்கள் தோளுக்குப் பின்னால் மருமகள். கன்னம் இரண்டும் ஈரம்.

"நாப்பத்தொண்ணு" என்றார் சிஸ்டர். "நாலு மணிக்குப் பாக்க வந்தேன், எழுப்புனா எழுந்திரிக்கல. இப்ப பரவால்ல."

மணி நான்கு. எனக்கு எந்த வியர்வையும் தெரியவில்லை, பசியும் தெரியவில்லை. விடுமுறை நாளில் வீட்டில் நான் மத்தியானம் எப்படித் தூங்குவேன் என்று நினைத்துப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொள்வேன். ஐந்தரை வரை யாரும் எழுப்பக்கூடாது. எழுப்பினால் வீடு இரண்டாகும் என்று மருமகளுக்கு முதல் வாரமே சொல்லிவைத்திருக்கிறேன். அவளும் அதை மீறினதே இல்லை. என் பொய்யை அவர்கள் நம்பியிருந்தால் நான் இந்நேரம் அந்தக் கதவுக்குள் இருந்திருப்பேன். இவள் வெளியே சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்திருப்பாள், அத்தை நன்றாகத் தூங்கட்டும் என்று.

 

சாயங்காலம் சிஸ்டர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து மருமகளிடம் கொடுத்தார். "நடந்ததை நடந்தபடி எழுது. உன் காலேஜுக்கு ஒரு காப்பி போகும். உட்கார விடுவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது, பொய்யா ஆறுதல் சொல்லமாட்டேன்" என்றார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதினாள். முடித்ததும் சிஸ்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, கடைசி வரியில் பேனாவை வைத்தார்.

"'இனி கவனமாக இருப்பேன்'னு எழுதியிருக்க. இன்னைக்குக் கவனமா இல்லாமயா இருந்த? லேபிளை எத்தனை தடவை படிச்ச?"

"மூணு தடவை சிஸ்டர்."

"ரெண்டு வேளையும் சேர்த்து ஆறு. அதுக்கு மேல என்ன கவனம்? எதை மாத்துவேன்னு எழுது."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும், "படி, நான் கேக்குறேன்" என்றேன் மருமகளிடம். மத்தியானத்துக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. அவள் படித்தாள். நான் கொடுத்தேன், நான் பார்க்கவில்லை, நான் லேபிளைக் கிழிக்கவில்லை, நான், நான், நான்.

"நீயும் பொய்தான் எழுதியிருக்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"பாட்டிலைத் தட்டுல வச்சது யாரு?"

"அது... யார் வச்சா என்ன அத்தை?"

"நான் வச்சேன். எழுது. மாத்திரை இனிக்கலைன்னு எனக்குத் தெரியும். ரெண்டு தடவையும் தெரியும். அதையும் எழுது."

அவள் கை நின்றுவிட்டது. "தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

"நீ எனக்காகச் சர்க்கரையில்லாத மிட்டாய் வாங்கிட்டு வந்திருக்கன்னு நெனச்சேன்டி" என்றேன்.  "என் மேல இவ்வளவு பிரியமான்னு இருந்துச்சு. அதோட, கேக்காததைச் சொல்லக்கூடாதுன்னு நீ போட்ட விதி வேற."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் விடவில்லை.

"டாக்டர்கிட்ட ஒண்ணுன்னு சொன்னது யாரு? அதையும் எழுது."

"அதெல்லாம் எழுதினா உங்களை எல்லாரும் தப்பா நெனப்பாங்க அத்தை. உங்களை எதுக்கு நான் இதுல இழுக்கணும்?"

"என்னை இழுக்காம விட்டா, இன்னொரு வீட்டுல இன்னொரு கிறுக்கி இதையே செய்வா. எழுது."

திரும்பி வந்த சிஸ்டர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். "நல்ல மாமியார், நல்ல மருமக. ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தப் போட்டி போட்டே நோயாளியைக் கொன்னுருப்பீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதில் எந்த வார்த்தையைத் தவறென்று சொல்ல முடியும்?

புதுப் படிவம் வாங்கி மறுபடி எழுதினாள். இந்த முறை இரண்டு பக்கம் வந்தது. எதை மாற்றுவேன் என்ற இடத்தில், பயிற்சிப் பாட்டிலில் உண்மையான லேபிள் இருக்காது, நிஜ மருந்து பயிற்சி நடக்கும் அறைக்குள் வராது, நோயாளியாக நடிக்கிறவருக்கு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் உடனே நடிப்பை நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று எழுதினாள். கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். எனக்கும் ஒரு இடம் விடச் சொல்லி நானும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடையில், கையில் அந்தப் படிவத்தின் காப்பியோடு அவள் கிளம்பினாள். முதல்வரைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். படித்துவிட்டு உட்கார விட்டால் பரீட்சை, இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் வீடு. நான் வாசலில் நின்றுகொண்டு, "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னேன். வேறு எது சொன்னாலும் அழுதிருப்பேன்.

எட்டு, ஒன்பது, பத்து. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஜன்னலுக்குப் போனேன். பதினோரு மணி பஸ்ஸிலும் அவள் வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. முதல்வர் அறை வாசலிலேயே நிற்கவைத்திருந்தால்? பன்னிரண்டு. ஒன்று. ஒன்றேகாலுக்குப் போன் அடித்தது.

"உட்கார விட்டாங்க அத்தை. இப்பதான் முடிச்சேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். 

"என்ன சொன்னாங்க?"

"முதல்வர் ரெண்டு பக்கத்தையும் படிச்சாங்க. திரும்ப முதல்லேர்ந்து படிச்சாங்க. போய் உக்காருன்னாங்க. விசாரணை தனியா இருக்கு, ரெண்டு பேரும் வரணுமாம்."

"வர்றேன். எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

மூன்று வாரம் கழித்து அவள் பாஸ் என்று வந்தது. விசாரணையில் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். இதெல்லாம் பிற்பாடு. அன்று போனில் அவள் அடுத்ததாக ஒரு கேள்வி கேட்டாள். எந்த வீட்டிலும், யாரும், யாரையும் கேட்கிற கேள்வி. கேட்டு முடிக்கும்முன்பே எல்லோரும் ஆமாம் என்று பொய் சொல்லிவிடுகிற கேள்வி.

"சாப்பிட்டீங்களா அத்தை?"

ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளே பாவம், இப்போதுதான் பரீட்சையிலிருந்து வெளியே வந்திருக்கிறாள். அவளை எதற்குக் கலவரப்படுத்துவது?

"இல்ல" என்றேன். "காலையில பாதி ரொட்டிதான். பயத்துல இறங்கல. கை லேசா ஆடுது."

 எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, எனக்கே மாமியார் மாதிரி.

"எந்திரிங்க. மெஷினை எடுங்க. போனை வைக்காதீங்க, பக்கத்துலயே வச்சுக்கங்க. குத்திட்டு எவ்வளவுன்னு சொல்லுங்க."

"அறுபத்தஞ்சு."

"சர்க்கரை நாலு ஸ்பூன். தண்ணில. இப்பவே. குடிச்சிட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

குடித்தேன். அவள் சொன்னபடி கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டேன். போனில் அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் பேசும் சத்தமும், ஒல்லி யாரையோ கூப்பிடும் சத்தமும் கேட்டன. பதினைந்து நிமிஷமும் அவள் காதைவிட்டுப் போனை எடுக்கவில்லை. நடுவில் ஒரு தடவை, "இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்" என்றேன்.